கால் கழுவும் காட்சி

வாசல் நிலைக்கு மேலே அன்று காலையில் மகள் மாட்டியிருந்த படத்தைக் கழற்றுவதற்காகக் கண்ணாடிக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தார். பின்னாலிருந்த கம்பி ஆணியில் சிக்கிக்கொண்டு வருவேனா என்றது. துக்கம் கேட்க வந்த இரண்டு பேர் படியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். உள்ளே மனைவியைக் கிடத்தியிருக்கும்போது இந்த மனிதர் ஒட்டடை அடிக்கிறாரே என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு வழிவிடவும் அவரால் முடியவில்லை. நாற்காலி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

உள்ளேயிருந்து மகள் வந்தாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"இது வேணாம். வேற ஏதாவது வை."

"வேற எதை வெக்கச் சொல்றீங்க? அம்மா தனியா இருக்கிற போட்டோ நம்ம வீட்டுல எது இருக்கு? எல்லாத்துலயும் யாராவது முன்னால நின்னு மறைச்சிருக்காங்க. ஒரு பாஸ்போர்ட் போட்டோ இருக்கு. அதுல அம்மா திருட்டுக் கேசுல மாட்டின மாதிரி இருக்காங்க."

அதற்குள் அவருடைய மைத்துனர் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இறந்தவருக்கு ஒரே தம்பி. லாரி ஓட்டுகிறவர். அக்கா செத்ததற்கு விடியற்காலையிலேயே வாய்விட்டு அழுது முடித்துவிட்டு, இப்போது ஓடியாடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், இறங்குங்க. அப்புறம் உங்களுக்கும் சேத்து ஒரு வண்டி சொல்ற மாதிரி ஆயிடும்."

இறங்கினார். படம் ஆணியிலேயே இருந்தது, கொஞ்சம் கோணலாக. படியில் நின்றவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். "அந்தப் படத்துல வர்றதுதானே?" என்று ஒருவர் மற்றவரிடம் மெதுவாகக் கேட்டது கண்ணாடிக்காரரின் காதில் விழாமல் இல்லை. இந்த மாதிரி விஷயங்கள் அவர் காதுக்கு மட்டும் எத்தனை மெதுவாகச் சொன்னாலும் விழும்.

படத்தில் ஒரு வெள்ளைச் சுவர். அதன் முன்னால் கறுப்புத் துணியால் தலையை மூடிய ஒரு பெண். முகத்தை நிமிர்த்தி, நேராகப் பார்க்காமல், சற்று இடப்பக்கமாக எதையோ பார்க்கிறாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. அவள் என்ன பார்க்கிறாள் என்று தெரியாதவர்கள்கூட அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பார்கள். அப்படி ஒரு பார்வை. அவள் பார்த்தது ஒரு கொலைகாரனை.

அது ஒரு சினிமாவில் வந்த காட்சி. வீட்டில் அதற்குப் பெயர் 'அந்தப் படம்'. அதன் சொந்தப் பெயரைச் சொல்லும் வழக்கம் இந்த வீட்டில் கிடையாது. மூன்று பேரைக் கொன்றுவிட்டு ஓடி வருகிற ஒருவன் ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் ஒளிந்துகொள்கிறான். வீட்டுக்காரி தனியாக இருக்கிறவள். அவன் கொன்றவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி. அது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கொலைகாரனுக்குப் படம் முழுக்க வெள்ளைச் சட்டை. அவளுக்குக் கறுப்பு உடை. வெளிச்சமெல்லாம் அவன் மேல் விழும். ஒரு பாவமும் செய்யாதவள் இருட்டில் நடமாடுவாள். ஜன்னல் கம்பிகளின் நிழல் அவன் நெஞ்சில் சிலுவையாக விழும். அவன் தலைக்குப் பின்னால் வட்டமாக ஒரு விளக்கு எரியும், சாமி படங்களில் இருக்கிற ஒளிவட்டத்தைப் போல. ஓடி ஓடிப் புண்ணான அவன் காலை அவள் ஒரு பாத்திரத்தில் வைத்துக் கழுவுவாள். கழுவிக்கொண்டே நிமிர்ந்து அவனைப் பார்ப்பாள். மறுநாள் காலையில் அவளே போய்ப் போலீசைக் கூட்டிக்கொண்டு வருவாள். அந்தப் பார்வை மன்னிப்பா, காட்டிக்கொடுக்கப் போகிறவளின் இரக்கமா என்று படித்தவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கண்ணாடிக்காரருக்கு அதில் சந்தேகமே கிடையாது. அது ஆசை. தொழில் முறையில் அவருக்குக் கண்களைத் தெரியும். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்து, ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து அடுத்தவர் கண்ணுக்குள் பார்த்தே பிழைத்தவர். "மேலே பாருங்க, கீழே பாருங்க, இப்ப என்னைப் பாருங்க" என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். எல்லாரும் பார்த்தார்கள். அவர் மனைவியும் நாற்பது வயதில் எழுத்துத் தெரியவில்லை என்று கடைக்கு வந்து கண் சோதிக்கிற நாற்காலியில் உட்கார்ந்து, "என்னைப் பாரு" என்றதும் பார்த்தாள். வாடிக்கையாளர் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

அவள் நடிகை இல்லை. ஒரு சலவைக் கடையில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். போலி ரத்தம் கொட்டிய வெள்ளைச் சட்டை ஒன்றை டைரக்டர் துவைக்கக் கொண்டுபோயிருக்கிறார். அவள் அதை விரித்துப் பார்த்தாள். நெஞ்சில் கத்தி பாய்ந்த இடத்தில் கிழிசல், அதைச் சுற்றி இவ்வளவு பெரிய கறை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "நாளைக்கே வேணுமா, நாளன்னைக்கா?" என்று கேட்டாள். டைரக்டர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். அந்த ஒரு படம்தான். அதன் பிறகு எத்தனையோ பேர் கூப்பிட்டும் அவள் போகவில்லை. "லைட்டு சூடு" என்று சொல்லிவிட்டாள்.

படம் வெளிவந்தபோது அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். புது மாப்பிள்ளை புதுப் பெண்டாட்டியைத் திரையில் பார்க்கப் போகிற பெருமையோடு, கடையை மத்தியானமே சாத்திவிட்டு அழைத்துக்கொண்டு போனார். கால் கழுவும் இடம் வந்தது. தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டது. கண்ணாடிக்காரர் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அவள் ஐஸ்கிரீம் கப்பின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டார்.

"அவனை ஏன் அப்படிப் பாத்தே?"

"எப்படி?"

அவர் தானே பார்த்துக் காட்ட முயன்றார். அவள் நடுத்தெருவில் நின்று சிரித்தாள். "கண்ணுல தூசி விழுந்த மாதிரி இருக்கு உங்களுக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால் நேராகக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தலைவலிக்கிறது என்று அவள் படுத்தால் "உன் வெள்ளைச் சட்டையைக் கூப்பிடவா?" என்பார். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் "மனசு எங்கே இருக்கு" என்பார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதையும் விட்டாள். ஒரு பிறந்தநாளுக்கு அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வந்தாள். விளையாட்டாகத்தான் வாங்கினாளோ, மறந்துபோய்த்தான் வாங்கினாளோ. அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மைத்துனரிடம் கொடுத்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு வெள்ளைச் சட்டையே போடாத மனிதர் அவர்.

அவள் கெட்ட பெண்டாட்டி என்று யாரும் சொல்லிவிட முடியாது. கோபமாகப் பார்ப்பாள், கேலியாகப் பார்ப்பாள், காசு கேட்கும்போது ஓரக்கண்ணால் பார்ப்பாள். அப்படி மட்டும் பார்த்ததில்லை. மகள் பிறந்தபோது, குழந்தையையாவது அப்படிப் பார்க்கிறாளா என்று ஆஸ்பத்திரியில் கதவோரம் நின்று கவனித்தார். இல்லை. அதில் அவருக்கு ஒரு நிம்மதி. பெற்ற மகள் மேல் பொறாமைப்பட வேண்டாம் என்கிற நிம்மதி.

அப்படிப்பட்டவர் இன்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வருகிறவர்களை எதிர்பார்த்து அல்ல. கொலைகாரனாக நடித்தவன் வருவானா என்று.

உச்சி வேளையில் வந்தான். மைத்துனர்தான் மூச்சிரைக்க வந்து சொன்னார்.

"அத்தான், என்னைக் கொன்னவன் வந்துட்டான்."

படத்தில் நடிக்காவிட்டாலும், அதில் செத்துப்போகிற தம்பி தான்தான் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வது மைத்துனரின் வழக்கம். இன்றும் வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளைச் சட்டை, இன்றைக்குக் கறுப்புச் சட்டையில் வந்திருந்தார். கைத்தடி. குனிந்த முதுகு. வழுக்கைத் தலை. மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்து, ஒரு கண் சட்டத்துக்கு மேலேயும் ஒரு கண் கீழேயும் இருந்தது. ஒரு சினிமா வாத்தியார் தன் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் படத்தை வருஷா வருஷம் மாணவர்களுக்குப் பாடமாக நடத்துகிறவராம். கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டு பேர் செல்போனை எடுத்துவிட்டு, இடம் உணர்ந்து மறுபடி பைக்குள் போட்டார்கள்.

வெள்ளைச் சட்டை உடலின் தலைமாட்டில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அழுதார். தோள் குலுங்க, சத்தமில்லாமல்.

கண்ணாடிக்காரர் அன்று காலையிலிருந்து அழவில்லை. எல்லாரும் அதைக் கவனித்திருந்தார்கள். இப்போது அவர் வெள்ளைச் சட்டையையே பார்த்தார். அழுவதற்கு இவனுக்கு என்ன பாத்தியதை? மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவளுக்கு வாய் துடைத்துவிட்டவன் யார்? இரும இரும எழுந்து உட்கார வைத்தவன் யார்? ஒரு நாள் எட்டிப் பார்த்தானா? இன்றைக்கு வந்து, கூட்டத்துக்கு நடுவில், பார்க்கிறவர்கள் எல்லாம் இவன்தான் புருஷனோ என்று நினைக்கிற மாதிரி அழுகிறான்.

ஒரு பக்கம் சினிமா வாத்தியார் மைத்துனரிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கறுப்பும் வெள்ளையும் அந்தப் படத்துல தலைகீழா இருக்கும், கவனிச்சிருக்கீங்களா? பாவம் பண்ணினவனுக்கு ஒளிவட்டம். காப்பாத்துறவளுக்கு இருட்டு. வழக்கமா நாம கும்பிடுற ஆள்தான் உசரத்துல இருப்பாரு. இங்க அவங்க தரையில உக்காந்து கால் கழுவுறாங்க. ஆனா தெய்வம் கீழதான் இருக்கு."

"எங்க அக்காவுக்குக் கறுப்புதான் பிடிக்கும் சார். அழுக்கு தெரியாதுன்னு சொல்லும்."

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

வெள்ளைச் சட்டைக்கு நிற்க முடியவில்லை. தடுமாறினார். உட்கார வைக்க இடம் தேடினார்கள். கண்ணாடிக்காரர் முன்னால் வந்தார்.

"கீழே கடையில உக்காரலாம். வாங்க."

மரியாதைக்குச் சொன்ன மாதிரி எல்லாருக்கும் தோன்றியது. மனுஷனை அவள் பக்கத்திலிருந்து கிளப்பிவிட வேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

வீடு மாடியில், கடை கீழே. ஷட்டரைப் பாதிக்குத் தூக்கிவிட்டு விளக்கைப் போட்டார். சுவரெல்லாம் கண்ணாடிச் சட்டங்கள் வரிசை வரிசையாக, முகமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கோடியில் எழுத்துப் பலகை, மறுகோடியில் கண் சோதிக்கிற நாற்காலி. உட்காருவதற்கு அது ஒன்றுதான் இருந்தது. வெள்ளைச் சட்டை அதில் அமர்ந்தார். கண்ணாடிக்காரர் எதிரே தன் முக்காலியில் உட்கார்ந்தார். பழக்கதோஷம், சரியாக ஒரு சாண் தூரத்தில்.

மாடியில் யாரோ நாற்காலி நகர்த்தும் சத்தம் கேட்டது. சரிந்திருந்த அந்த மூக்குக் கண்ணாடி கண்ணாடிக்காரரைப் பிடுங்கித் தின்றது. எதிரி முகத்தில் இருந்தாலும் கோணல் கோணல்தான். கையை நீட்டினார். "குடுங்க" என்றார். அந்த மனிதரும் ஒன்றும் கேட்காமல் கழற்றிக் கொடுத்தார். இவர் சின்னத் திருப்புளியை எடுத்துத் திருகை முடுக்கினார். காம்பைக் கொஞ்சம் வளைத்தார். கண்ணாடி இல்லாத அந்தக் கண்களை அருகில் பார்த்தார். வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. இந்தக் கண்களையா அவள் அப்படிப் பார்த்தாள்?

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டார்.

"என்னைக்கு?"

"கால் கழுவின அன்னைக்கு."

வெள்ளைச் சட்டை அவர் நினைத்த மாதிரி முகம் மாறவில்லை. தாடையைத் தடவிக்கொண்டார்.

"அன்னைக்கு எனக்குப் பல்வலி. தண்ணி வேற ஐஸ் மாதிரி இருந்துச்சு. கால் மரத்துப்போச்சு."

"அதைக் கேக்கலை. அவ உங்களைப் பாத்தாளே."

"என்னையா?" அவர் நிமிர்ந்தார். "என்னை எங்க சார் பாத்தாங்க? அவங்க முகத்தை எடுக்கும்போது நான் அங்க இல்லையே."

கண்ணாடிக்காரர் திருப்புளியை மேஜை மேல் வைத்தார்.

"சினிமாவுல அப்படித்தான். ரெண்டு பேரும் சேந்து இருக்கிறதைத் தனியா எடுப்பாங்க. அப்புறம் அவங்க முகத்தை மட்டும் கிட்டப்போய்த் தனியா எடுப்பாங்க. அப்போ எதிர்ல ஆள் இருக்கணும்னு அவசியம் இல்லை. முதல்ல என்னை உக்கார வெச்சுத்தான் எடுத்தாங்க. அவங்களுக்குச் சரியா வரலை. என் மூஞ்சியைப் பாத்தா சிரிப்பு வருதுன்னாங்க. அப்புறம் சிரிக்காம பாத்தாங்க, அதுவும் டைரக்டருக்குப் பிடிக்கலை. எத்தனை தடவை எடுத்தாங்கன்னு எனக்கே நினைவில்லை. கடைசியில, 'நீங்க போய்ப் பல்லைப் பாருங்க'ன்னு என்னை அனுப்பிட்டாரு. நான் உக்காந்திருந்த இடத்துல ஒரு விளக்குத் தண்டை நிறுத்தி, என் கண்ணு இருந்த உசரத்துல கறுப்பு டேப்பைக் குறுக்கும் நெடுக்குமா ஒட்டிட்டாங்க. அதைப் பாருங்கன்னு சொன்னாங்க. பாத்தாங்க. முதல் தடவையே வந்துடுச்சு."

"டேப்பையா பாத்தா?"

"டேப்பைத்தான். மேல வந்திருக்காரே வாத்தியார், அவர்கிட்ட ஒரு தடவை சொன்னேன். அது டேப் இல்லை, சிலுவைன்னாரு. நாள் முழுக்க எழுதினாரு. சரி, எழுதட்டும்னு விட்டுட்டேன்."

வெள்ளைச் சட்டை கைத்தடியின் பிடியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு அவங்க மேல பொறாமை சார். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அந்தப் படத்துல நான்தான் கதாநாயகன். பக்கம் பக்கமா பேசினேன், ஓடினேன், விழுந்தேன். ஜனங்க அவங்க ஒரு நிமிஷம் பாத்ததைத்தான் பேசினாங்க. நான் எதிர்ல இருக்கும்போது வராத பார்வை, நான் எழுந்து போனதும் வந்துச்சு. அதை நினைச்சா இன்னிக்கும் எனக்குத் தூக்கம் வராது. யார்கிட்டயும் சொன்னதில்லை. இன்னிக்கு அவங்களைப் பாத்ததும் தாங்கலை."

கண்ணாடிக்காரருக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. இந்த ஆளுக்கும் அதே நோய். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே அடுப்பில் இரண்டு பேரும் வெந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல். சந்தோஷம் வர வேண்டும். வந்தது. ஒரு நொடி. அவன் இல்லை என்கிற சந்தோஷம். உடனே அதன் பின்னாலேயே இன்னொன்று வந்து நின்றது. அவன் இல்லை. சரி. அப்படியானால் யார்?

"யாரை நினைச்சுக்கிட்டுப் பாத்தாளாம்? யாரும் கேக்கலையா?"

"டைரக்டர் கேட்டாரு. எல்லாரும் சுத்தி நின்னு கேட்டாங்களாம். மறுநாள் எனக்குச் சொன்னாங்க." அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. "டேப்பு ஒரு ஓரத்துல பிரிஞ்சுக்கிட்டு நின்னுதாம். எழுந்து போய் அதை அமுக்கி ஒட்டிடணும்னு இருந்துச்சாம். எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே, பாவம், அப்படியே நிக்குதேன்னு பாத்தாங்களாம்."

எதிரே அலமாரியில் லென்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய சின்னச் சீட்டு. அந்தச் சீட்டுகள் வெயிலுக்குப் பிரியும். அவள் சாப்பாடு கொண்டு வரும்போதெல்லாம் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு நேரே அங்கே போய், பிரிந்த முனைகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கி ஒட்டுவாள். அதற்கப்புறம்தான் "சாப்பிடுங்க" என்பாள். எத்தனை வருஷம் பார்த்திருக்கிறார். அப்போது அவள் முகம் அலமாரிப் பக்கம் இருக்கும். இவர் பார்த்ததெல்லாம் அவள் முதுகைத்தான்.

இன்று விடிவதற்கு முன்னால் அவள் கண் திறந்தாள். நேற்று முழுவதும் திறக்காத கண். அவர் படுக்கைக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "சட்டைப் பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றாள். இவர் குனிந்து பார்த்தார். ஆமாம், ஒரு பட்டன் தள்ளிப் போட்டிருந்தார்; கழுத்தோரம் ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நின்றது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி சரியாகப் போட்டார். நிமிர்ந்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

அவள் அதைச் சொல்லும்போது எப்படிப் பார்த்தாள் என்று அவருக்குத் தெரியாது. அவர் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று கடையில் உட்கார்ந்து அவர் பட்ட பொறாமை முன்பு பட்டதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஒரு ஆள் மேல் பொறாமைப்பட்டால் அவனைத் திட்டலாம், அவன் வழுக்கையைப் பார்த்துச் சந்தோஷப்படலாம். ஒரு விரற்கடை டேப்பை என்ன செய்வது? பசை காய்ந்த சீட்டுகள், தொங்குகிற நூல், கோணலாக நிற்கிற செருப்பு, இவற்றுக்கெல்லாம் அந்தப் பார்வை கிடைத்தது. தனக்கும் கிடைத்ததா? கிடைத்திருக்கலாம். ஒவ்வொரு தடவையும் குனிந்து பட்டனையோ கறையையோ பார்த்துக்கொண்டு கோட்டை விட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் மாடியில் கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கிறாள்.

"சார்?" என்றார் வெள்ளைச் சட்டை. "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லை. இந்தாங்க." கண்ணாடியை அவர் காதில் தானே மாட்டிவிட்டார். இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார். "வலது கண்ணுல புரை இருக்கு. காட்டிடுங்க. வெச்சுக்கிட்டு இருக்காதீங்க."

வண்டி வந்தது. மைத்துனரும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள். வாசல் படியில் திருப்பும்போது "மெதுவா, மெதுவா" என்று மைத்துனரின் குரல் கேட்டது. கண்ணாடிக்காரர் பின்னால் நடந்தார். வாசலைத் தாண்டும்போது மேலே மாட்டியிருந்த படத்தை அவர் பார்க்கவில்லை. மற்றவர்கள் பார்த்தார்கள். எல்லாம் முறைப்படி முடிந்தது. குழியருகில் வெள்ளைச் சட்டையும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். யாராவது படம் எடுத்திருந்தால் அண்ணன் தம்பி என்று சொல்லலாம்.

வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனார்கள். மைத்துனர் கால் நீட்டிச் சுவரில் சாய்ந்து, அப்படியே கண் அயர்ந்தார். கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்த இடம் காலியாக இருந்தது. அங்கே நாற்காலிகளைத் திரும்பப் போட யாருக்கும் கை வரவில்லை. மகள் அப்பாவுக்கு டீ கொண்டு வந்து கொடுத்தாள். வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் படம் உன்கிட்ட இருக்கா?"

மகள் காலையில் நடந்ததை மறக்கவில்லை. முகம் இறுகியது. "கழட்டி உள்ளே வெச்சுட்டேன்."

"போட்டோ இல்லை. படம். சினிமா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி, தணிந்து சொன்னாள். "இருக்கு. நீங்க கடையில இருக்கும்போது நானும் அம்மாவும் ரெண்டு தடவை பாத்தோம்."

அதுவும் சுருக்கென்று தைத்தது. இன்றைக்கு எத்தனை தைக்குமோ.

"அந்த இடம் வரும்போது அம்மா என்ன சொன்னா?"

"எந்த இடம்? கால் கழுவுறதா? ஒரு தடவை தூங்கிட்டாங்க. இன்னொரு தடவை, 'அந்தாளுக்குக் கால் ரொம்ப அழுக்கு, நிஜமாவே கழுவினேன்'னாங்க."

"அதைப் போடு. அந்த இடத்தை மட்டும்."

மகள் டிவியில் போட்டாள். சத்தத்தைக் குறைத்து வைத்தாள். வெள்ளைச் சுவர் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் முழங்கால்வரை துணியை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். தலைக்குப் பின்னால் வட்ட விளக்கு. நெஞ்சில் ஜன்னல் கம்பி நிழல். கறுப்பு உடையில் அவள் தரையில் மண்டியிட்டு அவன் காலைத் தேய்த்துக் கழுவினாள். நிஜமாகவே அழுக்கு, தண்ணீர் கலங்கியது. எல்லாம் இவருக்கு நினைவில் இருந்த மாதிரியே இருந்தது. பாத்திரம் மட்டும் இன்னும் பெரிதாக நினைவிருந்தது.

பிறகு அவள் முகம் மட்டும் வந்தது. நிமிர்ந்தாள். பார்த்தாள்.

பார்வை அவருடைய இடது தோளைத் தாண்டி, ஜன்னல் பக்கம் எங்கேயோ போயிற்று.

"திரும்பப் போடு" என்றார்.

அவள் போட்டாள். கண்ணாடிக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக் காலியாக இருந்த இடத்தின் வழியாக ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். படத்தில் இருக்கிறவர்கள் பார்வை நாம் எங்கே போய் உட்கார்ந்தாலும் நம் மேல் திரும்பாது என்பது அவருக்குத் தெரியும். கண் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது குறைவு.

அவள் நிமிர்ந்தாள். பார்த்தாள். அவரைத் தாண்டிப் போயிற்று.

"அப்பா, அங்கேருந்து ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் அடிக்கும்."

"நீ திரும்பப் போடு."

மைத்துனர் விழித்துக்கொண்டார். என்ன ஏது என்று கேட்க வாயெடுத்தவர், மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். கண்ணாடிக்காரர் நாற்காலியை இன்னும் ஒரு அடி இடப்பக்கம் தள்ளினார். சுவர் இடித்தது. அதற்கு மேல் நகர இடமில்லை. உட்கார்ந்து, எங்கேயும் குனியாமல், கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.